ஓர் உயிரியை எந்த டொமைனில், எந்த உலகத்தில் வைப்பது?

கையில் ஓர் உயிரி இருக்கிறது. அது எந்த டொமைனைச் சேர்ந்தது, எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். டொமைன் என்பது உயிரின வகைப்பாட்டின் மிக மேலான பிரிவு; பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்று மூன்று. உலகம் என்பது அதற்கு அடுத்த பிரிவு; விலங்குலகம், பூஞ்சை உலகம் என்பதுபோல. முதல் கேள்வியாகப் பலருக்கும் தோன்றுவது இதுதான்: பச்சையாக இருக்கிறதா, நகர்கிறதா? பச்சை என்றால் தாவரம், நகர்ந்தால் விலங்கு. நுண்ணோக்கி வகுப்பில் என் மேசைக்கு வருகிறவர்களிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். பச்சை நிறம் பாக்டீரியாவிலும் உண்டு. கடற்பஞ்சு பாறையில் ஒட்டிக்கொண்டே காலம் கழிக்கும் விலங்கு. மோனோட்ரோபா பூக்கும் தாவரம்தான், ஆனால் அதில் பச்சையமே கிடையாது. வெள்ளைவெளேரென்று நின்றுகொண்டு மண்ணுக்கடியில் இருக்கும் பூஞ்சையிடமிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது.

வகைப்படுத்துவது உறவைச் சொல்வதற்காக. ஒன்றைப் ‘பூஞ்சை’ என்று எழுதினால், மற்றப் பூஞ்சைகளுக்கு மூதாதையாக இருந்த அதே உயிரியிலிருந்துதான் இதுவும் வந்தது என்று பொருள். உருவமும் வாழ்க்கை முறையும் தொடர்பில்லாத கிளைகளில் மறுபடி மறுபடி ஒன்றுபோல் தோன்றிவிடும். செல்லுக்குள் இருக்கும் அடிப்படை அமைப்புகள் அப்படி எளிதில் தோன்றுவதில்லை. அதனால் உள்ளிருந்து தொடங்கி வெளியே வாருங்கள்: முதலில் செல், பிறகு வேதிப்பொருள், அதன் பிறகுதான் உடலும் நடத்தையும்.

எண்ணுவதற்கு முன்

பார்ப்பது ஓர் உயிரிதானா, ஒன்றே ஒன்றுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் லைக்கனை ஒரு துணுக்கு எடுத்து, ஒரு சொட்டு நீரில் நசுக்கிப் பாருங்கள். நிறமற்ற இழைகளும் அவற்றுக்கிடையே பச்சை உருண்டைகளும் தெரியும். இழைகள் பூஞ்சை, உருண்டைகள் பசும்பாசியாகவோ சயனோபாக்டீரியாவாகவோ இருக்கும். ஒரே துணுக்கில் இரண்டு உயிரிகள், அதுவும் சில சமயம் இரண்டு டொமைன்கள். பெயர் சூட்டும் விதிப்படி லைக்கனின் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு உரியது. ஆகவே பூஞ்சையை ஒரு வரியிலும் பாசியை இன்னொரு வரியிலுமாகத் தனித்தனியே எழுதுங்கள்.

வைரஸ் இந்தக் கணக்கில் வராது. அதற்குச் செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம் இல்லை. மூன்று டொமைன்களையும் ஒரே மரத்தில் பொருத்திக் காட்டுவது ரைபோசோம்தான். 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிரூட்டும் கோபுரத்து நீரில் கிடைத்த மிமிவைரஸ், சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரிது. அதனால் முதலில் அதைப் பாக்டீரியா என்றே எண்ணினார்கள். 2003இல்தான் வைரஸ் என்று தெரிந்தது. வைரஸ்களுக்கென்று தனி வகைப்பாடு இருக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

உட்கருவைத் தேடுங்கள்

இனி நுண்ணோக்கி. 400 மடங்கு உருப்பெருக்கம் போதும். கண் பழகுவதற்காக முதலில் வெங்காயச் செதிலின் மெல்லிய உட்தோலை அயோடின் கரைசலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செல்லிலும் மஞ்சள் பழுப்பாக ஒரு வட்டப்பொட்டு தெரியும். அதுதான் உட்கரு. அதைப் பார்த்த கண்ணோடு உங்கள் மாதிரிக்கு வாருங்கள். மெத்திலின் நீலம் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நிமிடம் பொறுத்தால் பெரும்பாலான செல்களில் உட்கரு நீலமாக எடுத்துக்காட்டும்.

உட்கரு தெளிவாகத் தெரிந்தால் டொமைன் முடிவாகிவிட்டது: யூகேரியா. தெரியாவிட்டால் அவசரப்படாதீர்கள். மனித இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை; அது வளரும்போது உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. ஒரு செல்லை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அந்த உயிரியின் பல செல்களையும், முடிந்தால் இளம் செல்களையும் பாருங்கள்.

அளவும் ஓரளவு துணைசெய்யும். பாக்டீரியாக்கள் பொதுவாக 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை. யூகேரியோட் செல்கள் பொதுவாக 10 முதல் 100 வரை. ஆனால் அளவை மட்டும் நம்பக்கூடாது. ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பசும்பாசிக்கு உட்கரு உண்டு, அளவோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. எதிர்ப்பக்கம், 2022இல் விவரிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா பாக்டீரியா. அதன் ஒரே செல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கட்டத்தில் நான் எப்போதும் காட்டுவது ஆசிலேட்டோரியா. நல்ல பச்சை இழை, மெல்ல ஊசலாடி நகரவும் செய்யும். ‘பச்சையா, நகர்கிறதா’ என்று கேட்டால் ஒரே நேரத்தில் தாவரம், விலங்கு என்று இரண்டு பதிலும் வரும். உள்ளே பார்த்தால் உட்கரு இல்லை, பச்சையத்தைத் தனியே அடக்கிவைக்கும் பசுங்கணிகமும் இல்லை. பச்சையம் செல் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கிறது. பக்கத்திலேயே ஸ்பைரோகைரா என்ற பசும்பாசியை வைத்துப் பார்த்தால், பசுங்கணிகம் சுருள் நாடாவாகத் தனியே ஓடுவது தெரியும். பாடநூல்களில் நீலப்பசும்பாசி என்று வருகிற ஆசிலேட்டோரியா, அனபீனா, நாஸ்டாக் எல்லாம் சயனோபாக்டீரியா, டொமைன் பாக்டீரியா.

பாக்டீரியாவா, ஆர்க்கியாவா?

உட்கரு இல்லையென்றால் இரண்டு டொமைன்கள் மிச்சம். இங்கே நுண்ணோக்கி கைவிட்டுவிடும். இரண்டிலும் கோளங்கள் உண்டு, குச்சிகள் உண்டு. பாக்டீரியாக்களை ஊதா, சிவப்பு என்று இரண்டாகப் பிரித்துக்காட்டும் கிராம் சாயமும் உதவாது. ஆர்க்கியாக்களில் சில ஊதாவாகவும் சில சிவப்பாகவும் வரும். வாழும் இடத்தை வைத்துச் சொல்வதும் ஆபத்து. கொதிநீரூற்றில் இருந்தால் ஆர்க்கியா என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் ஒரு பாக்டீரியா. ஆர்க்கியாக்களோ சாதாரண மண்ணிலும், திறந்த கடலிலும், நம் குடலிலும் இருக்கின்றன.

வேதியியல்தான் வழி. மூன்று சோதனைகளை இந்த வரிசையில் யோசியுங்கள்.

செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலங்கள் பின்னிய வலை) இருந்தால் பாக்டீரியா. இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாக்களுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சவ்வின் கொழுப்பு இதைவிட உறுதியான சான்று. பாக்டீரியாவில் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எஸ்டர் பிணைப்பால் கிளிசராலோடு இணைந்திருக்கும். ஆர்க்கியாவில் ஐசோபிரீன் சங்கிலிகள், ஈதர் பிணைப்பு. அந்தக் கிளிசரால் மூலக்கூறே ஒன்றில் இருப்பதற்கு மற்றதில் கண்ணாடிப் பிம்பமாக எதிர்மாறி இருக்கும். மூன்றாவது, உயிரி எப்படிப் பிழைக்கிறது என்பது. மீத்தேனை உருவாக்கி அந்த வினையிலிருந்தே வாழ்வதற்கான ஆற்றலைப் பெறுவது உறுதியானால் அது ஆர்க்கியா.

இன்று பெரும்பாலும் இந்த மூன்றையும் தாண்டி நேராக ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்குத்தான் போகிறோம். எல்லாச் செல்லிலும் ரைபோசோம் இருக்கிறது, எல்லாவற்றிலும் புரதம் கட்டும் அதே வேலையைச் செய்கிறது, மிக மெதுவாக மாறுகிறது. தொலைதூர உறவை அளக்க இதைவிடப் பொருத்தமான மூலக்கூறு அமைவது அரிது. பாக்டீரியா, ஆர்க்கியா இரண்டிலும் இதில் 16எஸ் என்று ஒரு துண்டு உண்டு. அதில் சுமார் 1,500 காரங்கள், அதாவது மரபுக் குறியீட்டின் எழுத்துகள், இருக்கும்.

இந்த வழியைத் திறந்தவர் இலினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸ். இன்றுபோல் வரிசையைப் படித்துக்கொடுக்கும் கருவி அப்போது இல்லை. செல்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து வளர்த்து, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, அவை எக்ஸ்ரே படச்சுருளில் விட்ட புள்ளிகளை விளக்குப்பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃபின் ஆய்வகம் வளர்த்துக் கொடுத்த மீத்தேன் நுண்ணுயிரிகளைப் படித்தபோது, எல்லாப் பாக்டீரியாவிலும் வரும் துண்டுகள் அவற்றில் வரவில்லை. 1977இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதை வெளியிட்டார்கள். 1990இல் ஓட்டோ கண்ட்லர், மார்க் வீலிஸ் இருவரோடும் சேர்ந்து வோஸ் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்று மூன்று டொமைன்களை முன்வைத்தார். எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. 1998இல்கூட எர்ன்ஸ்ட் மையர், உட்கரு உள்ளவை, இல்லாதவை என்ற இரண்டு பெரும்பிரிவுகளே போதும் என்று வாதிட்டார். மையர் பறவைகளை ஆராய்ந்தவர்; கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டின் எடை அவருக்குப் பெரிதாகப் பட்டது. என் பார்வையில் வோஸ் பக்கமே நியாயம் இருக்கிறது. நுண்ணுயிர்களின் வரலாறு அவற்றின் மூலக்கூறுகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். டி.என்.ஏ. எடுத்து, 16எஸ் மரபணுவைப் பெருக்கி, வரிசையைப் படித்து, ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பாக்டீரியாவுக்கென்று வடிவமைத்த பிரைமர் (மரபணுவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஆர்க்கியாவைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். பெருகவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு, முதலாவதாக வரும் பொருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், தரவுத்தளத்திலும் தவறான பெயர்கள் உண்டு; முதல் இருபது பொருத்தங்களாவது ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்த உயிரியல் உண்மை ஒன்றிலிருந்து வருகிறது. ஓர் இலையை அரைத்து, 16எஸ் மரபணுவைப் பெருக்கிப் பாருங்கள். சயனோபாக்டீரியாவுக்கு நெருக்கமான வரிசை ஒன்று வந்து நிற்கும். மாதிரியில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று தோன்றும். அழுக்கு இல்லை, அது பசுங்கணிகத்தின் சொந்த மரபணு. பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா. மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியே வேறொரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக வாதிட்டார். பிறகு மூலக்கூறு வரிசைகள் அதை உறுதிசெய்தன. ஆகவே உட்கரு உள்ள உயிரிக்கு 16எஸ் வேண்டாம், உட்கருவிலிருந்து வரும் 18எஸ் மரபணுவைப் படியுங்கள்.

யூகேரியாவுக்குள் உலகம்

டொமைன் யூகேரியா என்று ஆனபின், இரண்டு கேள்விகள் பாதி வேலையை முடித்துவிடும்: செல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறதா, இருந்தால் எதனால் ஆனது? உணவு எப்படி உள்ளே வருகிறது?

பல செல் உடல், செல்சுவர் இல்லை, உணவை விழுங்கி உள்ளே செரிக்கிறது, கரு வளரும்போது பந்துபோன்ற ஒரு நிலையைக் கடக்கிறது என்றால் விலங்குலகம். செல்சுவரில் கைட்டின், நொதிகளை வெளியே சுரந்து வெளியிலேயே செரித்து உறிஞ்சுகிறது, சேமிப்பு கிளைக்கோஜன் என்றால் பூஞ்சை உலகம். ஈஸ்ட் ஒற்றைச் செல்லாக இருந்தாலும் இதில்தான் சேரும். செல்லுலோஸ் சுவர், பச்சையம் ஏ, பி இரண்டும், பசுங்கணிகத்துக்குள்ளேயே ஸ்டார்ச் சேமிப்பு என்றால் தாவரக் கிளை.

விலங்கும் பூஞ்சையும் மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் என்பதைக் கேட்டவுடன் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சைட்ரிட் பூஞ்சையின் நீந்தும் வித்தைப் பாருங்கள். பின்னால் ஒற்றைக் கசையிழை, விலங்கின் விந்தணுவைப் போலவே. மரபணு வரிசைகளும் அதையே சொல்கின்றன. காளான் தாவரத்தைவிட நமக்கு நெருங்கிய உறவு.

மிச்சம் இருப்பவை

மேலே சொன்ன மூன்றிலும் சேராத யூகேரியோட்டுகளையே புரோட்டிஸ்டுகள் என்கிறோம். எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இவற்றுக்கென்று மூன்றாவது உலகம் ஒன்றை வைத்தார். இன்று அதை உறவுக் கூட்டமாக யாரும் ஏற்பதில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றில் சில தாவரத்துக்கு உறவு, சில விலங்குக்கு உறவு, பல இரண்டுக்கும் தூரம். அதனால் ‘புரோட்டிஸ்டு’ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அடுத்த நிலைக்கு இறங்குங்கள்.

யூக்ளினாவை எடுத்துக்கொள்வோம். பச்சை, கசையிழையால் நீந்துகிறது, சிவப்புக் கண்புள்ளியால் ஒளியை நோக்கித் திரும்புகிறது. இதைத் தாவரவியலாரும் விலங்கியலாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். வழக்கைத் தீர்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். ஒரு கண்ணாடிச் சில்லில் கிளாமிடோமோனாஸ் என்ற பசும்பாசி, இன்னொன்றில் யூக்ளினா. இரண்டிலும் அயோடின் விடுங்கள். கிளாமிடோமோனாஸின் பசுங்கணிகத்துக்குள் ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். யூக்ளினாவில் அந்தக் கருநீலம் வராது. அதன் சேமிப்பு பாராமைலான் என்ற வேறொரு சர்க்கரைத் தொடர். செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவரும் இல்லை, வளைந்து நெளியும் புரதப் பட்டைகள்தான். பசுங்கணிகத்துக்கோ மூன்று சவ்வுகள். ஏனென்றால் யூக்ளினாவின் மூதாதை ஒரு பசும்பாசியை விழுங்கி, அதன் பசுங்கணிகத்தைத் தனதாக்கிக்கொண்டது. பச்சை நிறம் இரவல். நெருங்கிய உறவு யாரென்றால், உறக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த உறவு கண்ணிலேயே பட்டிருக்காது.

உருளைக்கிழங்கைக் கருகவைக்கும் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் இன்னொரு பாடம். 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இதுதான். வெள்ளை இழைகளாகப் பரவுகிறது, வித்துகளை உண்டாக்குகிறது, உறிஞ்சி உண்கிறது. பார்ப்பவர்கள் பூஞ்சை என்றே சொல்வார்கள். செல்சுவரைச் சோதித்தால் அதில் முக்கியமாக இருப்பது கைட்டின் இல்லை; செல்லுலோஸும் அதையொத்த குளுக்கான்களும்தான். நீந்தும் வித்துக்கு இரண்டு கசையிழைகள், ஒன்று மயிர்கள் அடர்ந்தது, மற்றது வழுவழுப்பானது. இந்தக் கசையிழை ஜோடி அதன் சொந்தக்காரர்களைக் காட்டிக்கொடுக்கிறது: ஒற்றைச் செல் பாசிகளான டயாட்டம்களும் பழுப்புப் பாசிகளும். பல மீட்டர் உயரம் வளரும் கெல்ப்பும் அந்தக் கூட்டம்தான். தண்டுபோல் இலைபோல் எவ்வளவு இருந்தாலும் கெல்ப் தாவரம் ஆகாது, அதில் பச்சையம் பி இல்லை, சி இருக்கிறது.

இதைச் சரியாக வைப்பதில் பயிரே அடங்கியிருக்கிறது. பூஞ்சையின் செல்சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் அசோல் வகை மருந்துகள் ஃபைட்டோஃப்தோராவைத் தொடாது. அது அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. மெட்டலாக்சில் போன்ற வேறு மருந்து வேண்டும். ஆனால் உலகத்தின் பெயரை மட்டும் வைத்து மருந்து தேர்ந்தெடுக்கவும் முடியாது. நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் புரோட்டோசோவா என்று நெடுநாள் கருதப்பட்டு, 1988இல் ரைபோசோம் வரிசையால் பூஞ்சை என்று அடையாளம் காணப்பட்டது. பூஞ்சையாக இருந்தும் அதன் சவ்வில் எர்கோஸ்டீரால் இல்லை. உறவு நமக்கு ஒரு நல்ல ஊகத்தைத் தரும். உறுதிசெய்வது சோதனையின் வேலை.

எந்தத் திட்டத்தைப் பின்பற்றுவது?

லின்னேயஸ் 1735இல் உயிர்களுக்கு இரண்டு உலகங்களை வைத்தார். ராபர்ட் விட்டேக்கர் 1969இல் ஐந்து என்றார்: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. 2015இல் ருஜியேரோவும் உடனிருந்தவர்களும் ஏழு என்றார்கள்: பாக்டீரியா, ஆர்க்கியா, புரோட்டோசோவா, குரோமிஸ்டா (டயாட்டம், பழுப்புப் பாசி போன்றவை), பூஞ்சை, தாவரம், விலங்கு. புரோட்டிஸ்டுகளை ஆராய்கிறவர்கள் பலர் உலகம் என்ற படிநிலையையே விட்டுவிட்டுப் பெருங்குழுக்களாகப் பேசுகிறார்கள். அவர்கள் கணக்கில் டயாட்டம் ‘சார்’ என்ற பெருங்குழுவுக்குள் வரும், அமீபா அமீபோசோவாவில்.

என் பரிந்துரை: மொனிராவை வரலாற்றுக்கு விட்டுவிடுங்கள், பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் ஒரே உலகமாக அடைக்க இனிக் காரணம் இல்லை. தொடங்குகிறவர்கள் மூன்று டொமைன், அதன் கீழ் யூகேரியாவில் விலங்கு, பூஞ்சை, தாவரம் ஆகிய உலகங்கள், மற்றவற்றுக்குப் பெருங்குழு என்று பழகுவது நல்லது.

மூன்று டொமைன் என்பதே இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே ஆழ்கடல் வெந்நீர்த் துவாரங்களின் அருகே எடுத்த படிவிலிருந்து, 2015இல் லோக்கி ஆர்க்கியாவின் மரபணுக்கள் வெளியாயின. யூகேரியோட்டுகளுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்த பல புரதங்களின் மரபணுக்கள் அதில் இருந்தன. அதன் உறவினம் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க ஜப்பானிய ஆய்வாளர்களுக்கு 12 ஆண்டுகள் பிடித்தது. 2020இல் அதை வெளியிட்டார்கள். கையைப்போல் நீட்டிய கிளைகளோடு இருந்தது அந்தச் சிறு செல். யூகேரியோட்டுகள் ஆர்க்கியாவின் உள்ளிருந்தே கிளைத்தவை என்று இன்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அடிப்படைக் கிளைகள் இரண்டுதான். எனக்கும் சான்றுகள் அந்தப் பக்கம் சாய்வதாகவே தெரிகிறது. ஆனாலும் பதிவேட்டில் இன்னும் மூன்று டொமைன் பெயர்களையே எழுதுகிறேன், படிப்பவர்களுக்குப் பொதுவாக இருக்கும் மொழி அதுதான்.

2024இல் உட்கரு அற்றவற்றுக்கு மட்டுமே இரண்டு டொமைன் பெயர்களும் ஏழு உலகப் பெயர்களும் முறைப்படி வெளியாகியிருக்கின்றன. பாசில்லாட்டி, சூடோமொனடாட்டி போன்றவை அவற்றில் அடங்கும். ஆகவே ‘ஏழு உலகம்’ என்று யாராவது சொன்னால் எந்த ஏழு என்று கேளுங்கள்.

பதிவு எழுதும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: இடம், சான்று, திட்டம். யூக்ளினாவுக்கு என் பதிவு இப்படி இருக்கும். ‘டொமைன் யூகேரியா, உட்கரு தெரிந்தது, மெத்திலின் நீலம். யூக்ளினோசோவா, அயோடினில் கருநீலம் இல்லை, புரதப் பட்டை, கசையிழை. உலகம்: 2015 திட்டப்படி புரோட்டோசோவா.’ வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த, இன்னும் வரிசை படிக்காத குச்சி செல்லுக்கு, ‘உட்கரு இல்லை, பாக்டீரியா அல்லது ஆர்க்கியா, 16எஸ் பார்க்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திவிடுவேன். வரிசை வந்த நாளில் அதே வரிக்குக் கீழே தேதியோடு மீதியை எழுதிக்கொள்ளலாம்.